பனிமலையில் ஏறிச் சறுக்கப் போறீங்களா? பனிச்சரிவு பற்றி நம்ம ஊர்க்காரர்கள் கேட்கும் கேள்விகள்

தீபாவளி முடிந்த கையோடு எனக்கு வாட்ஸ்அப்பில் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். தைப்பூச லீவையும் சீனப் புத்தாண்டு லீவையும் ஒட்டி ஜப்பானுக்கு டிக்கெட் போட்டவர்கள், "அண்ணே, இந்தத் தடவை லிஃப்ட் இல்லாத பக்கம் ஏறிப் போகலாம்னு இருக்கோம், பனிச்சரிவு வருமா?" என்று கேட்பார்கள். பாதிப் பேர் அதைக்கூடக் கேட்பதில்லை, எந்த ஸ்கீ வாங்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். நான் மலேசியாவில், கேஎல் என்கிற கோலாலம்பூரில் கணக்கு வேலை பார்க்கிறவன், வருடத்தில் பத்து நாள்தான் பனியைப் பார்ப்பேன். வழிகாட்டி இல்லை. ஜப்பானின் ஹக்குபாவில் ஒரு பனிச்சரிவு வகுப்பு முடித்திருக்கிறேன், ஏழு சீசன் ஏறியிருக்கிறேன், ஒரு தடவை நன்றாகப் பயந்திருக்கிறேன். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டி விரல் வலிக்கிறது, அதனால் எல்லாம் இங்கே ஒரே இடத்தில். இதைப் படித்துவிட்டால் வகுப்புக்குப் போக வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஸ்கீ டூரிங் என்றால் என்ன? ரிசார்ட்டில் சறுக்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஸ்கீயின் அடியில் பின்னால் வழுக்காமல் பிடிக்கும் ஸ்கின் என்ற பட்டையை ஒட்டிக்கொண்டு, குதிகால் தூக்க வருகிற பைண்டிங்கில் (பூட்ஸை ஸ்கீயோடு மாட்டும் பிடிப்பான்) மலை மீது நடந்து ஏறி, மேலே போய் ஸ்கின்னை உரித்துவிட்டுச் சறுக்கி இறங்குவது. இதெல்லாம் சாமான் வித்தியாசம். உண்மையான வித்தியாசம், ரிசார்ட்டுக்குள் நீங்கள் பசியாறிக்கொண்டிருக்கும்போதே பேட்ரோல்காரர்கள் (ரிசார்ட்டின் பாதுகாப்பு ஆட்கள்) சரிவுகளைச் சோதித்து, தேவைப்பட்டால் வெடி வைத்துப் பனியை இறக்கிவிட்டு, ஆபத்தான இடத்துக்குக் கயிறு கட்டியிருப்பார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் அந்த வேலையை யாரும் செய்யவில்லை. நீங்கள்தான் செய்ய வேண்டும்.

பனிச்சரிவு என்பது மேலேயிருந்து பனி உருண்டு வருவதுதானே?

கார்ட்டூனில் அப்படி. ஆளைக் கொல்வது பெரும்பாலும் பலகைச் சரிவு. பனி ஒரே நாளில் ஒரே மாதிரி விழுவதில்லை, ஒவ்வொரு புயலும் ஓர் அடுக்கைப் போட்டுவிட்டுப் போகிறது. குவே லாப்பிஸ் பலகாரத்தைச் சின்ன வயதில் அடுக்கடுக்காக உரித்துத் தின்றிருப்பீர்களே, கிட்டத்தட்ட அதேதான். அடுக்குகள் ஒன்றோடொன்று நன்றாகப் பிடித்திருந்தால் பிரச்சினை இல்லை. இடையில் ஏதாவது ஓர் அடுக்கு நொய்ந்துபோயிருந்தால், அதற்கு மேலே இருக்கிற இறுகிய பனி முழுவதும் ஒரு பலகை மாதிரி ஒட்டாமல் உட்கார்ந்திருக்கும். வீட்டில் செய்து பார்க்கலாம்: தட்டில் சர்க்கரையைப் பரப்பி, அதன் மேல் ஒரு கனமான புத்தகத்தை வைத்துத் தட்டை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகாது. அப்புறம் புத்தகம் முழுசாக ஒரே நேரத்தில் கிளம்பும்.

அந்தச் சர்க்கரை நிஜமாகவே பனிக்குள் உண்டாகிறது. தரையை ஒட்டிய பனி பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும், மேற்பரப்பு கடுங்குளிரில் இருக்கும். 10 சென்டிமீட்டருக்கு 1 டிகிரி அளவில் வெப்ப வித்தியாசம் வந்துவிட்டால் உள்ளே இருக்கிற பனித்துகள்கள் ஒட்டும் தன்மையை இழந்து, கோணக் கோணமாக, கையில் அள்ளினால் சீனி மாதிரி ஒழுகும் மணிகளாக மாறிவிடும். பனி ஆழம் குறைவாகவும் குளிர் கடுமையாகவும் உள்ள இடங்களில் இது அதிகம். இன்னொரு வகை, மேகமில்லாத ராத்திரியில் மேற்பரப்பில் இறகு இறகாகப் பூக்கும் பனிப்பூ. காலையில் வெயிலில் மின்னும், எல்லோரும் போட்டோ எடுப்போம். அதன் மேல் அடுத்த புயல் விழுந்து மூடியபின் அதுதான் எமன்.

இன்னொன்று, இதை வெறும் இயற்கைச் சீற்றம் என்று நினைக்காதீர்கள். உயிர்போன பலகைச் சரிவுகளில் பத்தில் ஒன்பதைக் கிளப்பிவிட்டது சிக்கிய ஆளேதான், இல்லையென்றால் கூட வந்த ஆள்.

நம்ம ஊரில் பனியே இல்லை, இதை எதோடு ஒப்பிட்டுப் புரிந்துகொள்வது?

மண்சரிவோடு. 1993 டிசம்பர் 11-இல் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சரிந்து 48 பேர் போனது நம் அப்பா அம்மா தலைமுறைக்கு மறக்காது. 2022 டிசம்பரில் பத்தாங்காலி முகாமில் 31 பேர். சரிவு, மேலே ஏறிய பாரம், உள்ளே இறங்கிய தண்ணீர், பிடிப்பு விட்ட ஓர் அடுக்கு. பனியிலும் கணக்கு இதேதான், ஆனால் வாரக்கணக்கில் நடப்பது ஒரே ராத்திரியில் நடந்துவிடும்.

எத்தனை டிகிரிச் சரிவு ஆபத்து?

30 முதல் 45. அதிலும் 38-ஐ ஒட்டித்தான் அதிகம் கிளம்புகிறது. 30-க்குக் கீழே பலகை நழுவுவது அபூர்வம், 50-க்கு மேலே பனி பெரிதாகச் சேராமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும்.

பினாங்குக் கொடிமலை ரயில் செங்குத்தாக ஏறுகிற இடத்தில் முன் சீட்டைப் பிடித்துக்கொள்வோமே, அங்கேகூட சாய்வு 27, 28 டிகிரிதான், 30-ஐ எட்டாது. வீட்டு மாடிப்படி 30-லிருந்து 37 வரை இருக்கும். அதாவது சறுக்குவதற்கு ஆசையாக இருக்கிற சரிவும் ஆளைப் புதைக்கிற சரிவும் ஒன்றேதான், இதுதான் இந்த விளையாட்டின் சாபம். ஆனால் 25, 28 டிகிரியிலும் ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் விழுகிற பவுடர் பனியில் சிரித்துக்கொண்டே இறங்கலாம், அதை யாரும் இன்ஸ்டாகிராமில் போடுவதில்லை அவ்வளவுதான்.

ஒரு பெரிய பொறி இருக்கிறது. நீங்கள் நிற்கிற இடம் 15 டிகிரியாக இருக்கலாம், தலைக்கு மேலே 38 இருந்தால் அது உங்கள் மீதுதான் வரும். கீழே நிற்பவர் காலடியிலிருந்துகூட மேலே இருக்கிற சரிவு கிளம்பியிருக்கிறது, ஏனென்றால் நொய்ந்த அடுக்கு உடைவது தீக்குச்சி வரிசை மாதிரி ஓடும்.

அந்த டிகிரியை எப்படி அளப்பது? கண்ணால் பார்த்தால் போதாதா?

போதாது. கண் பொய் சொல்லும், ஆசை இருந்தால் இன்னும் நாலு டிகிரி குறைத்துச் சொல்லும். முதல் நாள் ராத்திரியே, 30 டிகிரிக்கு மேல் உள்ள இடங்களுக்கு நிறம் பூசிக் காட்டும் வரைபடச் செயலியில் பாதையைப் போட்டுப் பாருங்கள். மலையில் போனபின் ஸ்கீ கம்பைச் சரிவின் மீது நீளவாக்கில் படுக்கவைத்து, அதன் மீது போனின் சாய்வுமானியை வைத்தால் போதும். வரைபடம் சின்ன மேடு பள்ளங்களை விழுங்கிவிடும் என்பதால் இரண்டும் தேவை.

பனிச்சரிவு அறிக்கையில் அபாய நிலை 3 என்று போட்டிருந்தது. ஐந்தில் மூன்று என்றால் நடுத்தரம்தானே, போகலாம்தானே?

பரீட்சை மார்க் மாதிரி படிக்கிறீர்கள். 1 குறைவு, 2 மிதம், 3 கணிசம், 4 அதிகம், 5 மிக அதிகம். ஒவ்வொரு படியிலும் ஆபத்து ஒன்று கூடுவதில்லை, பெருகுகிறது. 4-இலும் 5-இலும் எல்லோரும் பயந்து ஹோட்டலில் சூப் குடிக்கிறார்கள். 3-இல் வானம் நீலமாக இருக்கும், பனி அருமையாக இருக்கும், எல்லோரும் வெளியே வருகிறார்கள். சுவிட்சர்லாந்தில் சாவுகளில் பாதி அளவு நிலை 3 நாட்களில்தான். 3 என்றால் ஒரே ஒரு ஆள் மிதித்தாலும் கிளம்பக்கூடிய சரிவுகள் இருக்கின்றன என்று அர்த்தம்.

வெர்னர் முன்டர் என்ற சுவிஸ் வழிகாட்டி 1990-களில் சொல்லிக்கொடுத்த எளிய கணக்கு ஒன்று உண்டு: நிலை 2-இல் 40 டிகிரிக்குக் கீழே, 3-இல் 35-க்குக் கீழே, 4-இல் 30-க்குக் கீழே. நான் நம் ஊர் ஆட்களுக்கு இதிலும் ஒரு படி குறைத்துத்தான் சொல்வேன். 3 என்றால் 30. வருடத்துக்குப் பத்து நாள் பனி பார்க்கிறவனுக்கு 35-ஐ நெருங்குகிற உரிமை இன்னும் வரவில்லை, எனக்கும் சேர்த்துத்தான்.

எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். எந்தத் திசைச் சரிவு, எந்த உயரம், என்ன வகைப் பிரச்சினை என்று அடியில் எழுதியிருப்பதுதான் சரக்கு.

அந்த அறிக்கையை எங்கே பார்ப்பது?

ஜப்பானில் ஹக்குபா போன்ற சில பகுதிகளுக்கு ஜப்பான் பனிச்சரிவு வலையமைப்பு வெளியிடுகிறது. நிசெக்கோவில் உள்ளூர் பனிச்சரிவு ஆய்வகம் சீசனில் தினமும் காலையில் ஒரு குறிப்பு போடும், அதோடு நிசெக்கோ விதிகளும் உண்டு: கேட் வழியாக மட்டும் வெளியே போக வேண்டும், கேட் மூடியிருந்தால் போகக் கூடாது, கயிற்றுக்கு அடியில் நுழையக் கூடாது, யுனோசாவா பள்ளத்தாக்கு எப்போதும் தடை. ஜப்பானின் பல மலைகளுக்கு அறிக்கையே கிடையாது, அங்கே நீங்களும் வானமும்தான். நியூசிலாந்தில் மலைப் பாதுகாப்புக் கவுன்சில் பகுதிவாரியாகப் போடுகிறது, அங்கே சீசன் ஜூனிலிருந்து அக்டோபர்.

காஷ்மீர் குல்மர்க்குக்கும் இப்போது நம்மவர்கள் போகிறார்கள், செலவு குறைவு என்பதால். கோண்டோலா கிட்டத்தட்ட 4,000 மீட்டருக்குக் கொண்டுபோய் விட்டுவிடும், இறங்கினால் எல்லாப் பக்கமும் பெரிய சரிவு. 2023 பிப்ரவரி 1-இல் அங்கே அபர்வத் மலையில் போலந்து நாட்டவர் இருவர் பனிச்சரிவில் இறந்தார்கள். லிஃப்டில் வந்தோம் என்பதால் ரிசார்ட் என்று நினைத்துவிடாதீர்கள்.

சரி, மலைக்குப் போய்விட்டோம். நேரில் எதைப் பார்க்க வேண்டும்?

இதற்குத்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும்.

முதலில் புதுச் சரிவுகள். எதிர் மலையில் நேற்று இன்று சரிந்த தடம் தெரிந்தால், அதே திசை பார்த்த உங்கள் சரிவும் அதே மனநிலையில்தான் இருக்கிறது. அதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை.

அடுத்து புதுப் பனியும் காற்றும். ஒரு நாளில் 30 சென்டிமீட்டர் விழுந்தால் அடுத்த ஒரு நாள், இரண்டு நாள் கண்ணை விரித்து வைத்துக்கொள்ள வேண்டும். காற்று இன்னும் மோசம், வானத்திலிருந்து விழுவதைப் போலப் பத்து மடங்கு வேகத்தில் ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கம் கொட்டிவிடும். ஜப்பானில் குளிர்காலக் காற்று சைபீரியாவிலிருந்து கடலைக் கடந்து வடமேற்கிலிருந்து வருகிறது, அதனால் பாரம் ஏறுவது பெரும்பாலும் கிழக்கும் தென்கிழக்கும் பார்த்த சரிவுகளில். பனி பெய்யாத நாளில்கூட முகட்டிலிருந்து வெள்ளைப் புகை மாதிரி பறந்தால் மறுபக்கம் பலகை கட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். முகட்டு விளிம்பில் தாழ்வாரம் மாதிரி தொங்கும் பனி எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அந்தப் பக்கம்தான் அது.

அப்புறம் சத்தம். இரண்டாவது சீசனில் ஹொக்கைடோவில் நடந்தது இது. நாங்கள் நாலு பேர், கடைசி நாள், மறுநாள் சாயங்காலம் ஃபிளைட். ராத்திரி முழுக்கக் காற்று. காலையில் காரின் ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி வரை பனி ஏறியிருந்ததை நான் பார்த்தேன், சுரண்டித் தள்ளிவிட்டு வண்டியை எடுத்தேன், யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஏறும்போது ஓரிடத்தில் ஸ்கீக்கு அடியில் பனி மத்தளம் மாதிரி வெற்றாக ஒலித்தது. அதையும் சொல்லவில்லை. இன்னும் பத்து நிமிடம் போனதும் "வும்ம்" என்று ஒரு சத்தம், காதில் கேட்டதை விட வயிற்றில் கேட்டது, நாங்கள் நின்றிருந்த தரை அப்படியே ஒரு விரற்கடை அளவு இறங்கியது. என் ஸ்கீ நுனியிலிருந்து ஒரு விரிசல் ஐந்தாறு மீட்டருக்குக் கோடு கிழித்தது மாதிரி ஓடியது. அடியில் இருந்த நொய்ந்த அடுக்கு நொறுங்கிய சத்தம் அது. நாங்கள் நின்ற இடம் தட்டையாக இருந்ததால் ஒன்றும் நழுவவில்லை. முன்னால் நின்ற நண்பர் திரும்பி, "இன்னும் இருநூறு மீட்டர்தான்ணே" என்றார். மற்ற இருவரும் என்னைப் பார்த்தார்கள். வந்த தடத்திலேயே திரும்பினோம்.

அந்தச் சரிவு அன்றைக்கும் சரியவில்லை, மறுநாள் ரோட்டிலிருந்து பார்த்தபோதும் அப்படியே நின்றது. அந்த நண்பர் இன்றுவரை மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால் இதைச் சொல்லிக் கிண்டல் செய்கிறார். நான் சரியாகத்தான் திரும்பினேனா என்று மலை ஒருநாளும் சொல்லப்போவதில்லை, அதுதான் இதில் கஷ்டம். தப்பாக முடிவெடுத்தவனும் பத்துத் தடவையில் ஒன்பது தடவை சிரித்துக்கொண்டே கீழே இறங்குகிறான், அதைத் திறமை என்று எழுதிவைத்துக்கொள்கிறான்.

கடைசியாக வெப்பம். திடீரென்று சூடானால், பனி மேல் மழை விழுந்தால், எந்த யோசனையும் வேண்டாம், செங்குத்தை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

குழி தோண்டிப் பார்த்தால் தெரிந்துவிடாதா? வீடியோவில் ஷவலைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார்களே?

தெரியும், பாதி. முதலில் ஒரு பாதுகாப்பான இடத்தில், நீங்கள் போகப்போகிற அதே திசை பார்த்த சரிவில் ஒரு மீட்டருக்கு மேல் வெட்டுங்கள். வெட்டிய சுவரை விரலால் மேலிருந்து கீழே குத்திக்கொண்டே வாருங்கள்: முஷ்டி நுழைகிறதா, நாலு விரலா, ஒரு விரலா, பென்சிலா, கத்திதான் போகுமா. இறுகிய அடுக்குக்குக் கீழே திடீரென்று முஷ்டி பொதக்கென்று உள்ளே போகிற இடம்தான் நாம் தேடுவது.

அப்புறம் குறுக்கே 90 சென்டிமீட்டர், மேல்நோக்கி 30 சென்டிமீட்டர் அளவில் ஒரு தூணைச் சுற்றிலும் அறுத்துத் தனியாக நிறுத்தி, ஒரு ஓரத்தில் ஷவலைக் கவிழ்த்து வைத்து, மணிக்கட்டிலிருந்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. எத்தனையாவது தட்டில் உடைந்தது என்பதை விட, உடைந்த விரிசல் அந்த 90 சென்டிமீட்டரையும் ஒரே ஓட்டமாகக் கடந்ததா என்பதுதான் கேள்வி. கடந்துவிட்டால் அன்றைக்கு அந்த மாதிரிச் சரிவு வேண்டாம்.

கடக்கவில்லை என்றால்? இங்கேதான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். அந்தத் தூண் ஒரு சாப்பாட்டு மேசையின் பாதிகூட இல்லை, சரிவு ஒரு கால்பந்துத் திடல். இருபது மீட்டர் தள்ளி வேறு கதை இருக்கலாம். குழி "வேண்டாம்" சொன்னால் கேளுங்கள். "போ" சொன்னால் அது சாட்சி இல்லை, வதந்தி.

நேற்று பத்துப் பேர் சறுக்கிய தடம் இருக்கிறதே?

பதினொன்றாவது ஆளுக்குக் கிளம்பியிருக்கிறது. நொய்ந்த அடுக்கு எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் இருக்காது, பலகை மெலிந்த ஓரிடத்தை மிதிக்கிறவர்தான் சுவிட்சைப் போடுகிறார்.

மரங்களுக்கு நடுவே போனால் பாதுகாப்புதானே?

நீங்கள் வசதியாகச் சறுக்கிப் போகிற அளவுக்கு மரங்களுக்கிடையே இடைவெளி இருந்தால் பனிக்கும் அதே வசதி இருக்கிறது. அடர்ந்த காடு நல்லதுதான், ஆனால் அதில் சறுக்க முடியாது. மரத்தில் மலைமேட்டைப் பார்த்த பக்கத்துக் கிளைகள் மட்டும் முறிந்து போயிருந்தால் அது பழைய பனிச்சரிவின் கையெழுத்து. சிக்கினால் மரமே எதிரி, பனி ஆளை அதில் கொண்டுபோய் மோதவிடும். அதே மாதிரி ஓடைப் பள்ளம், பாறை விளிம்பு. சின்னச் சரிவுகூட ஒரு பள்ளத்தில் கொண்டுபோய்த் தள்ளினால் மூன்று மீட்டர் ஆழத்தில் புதைத்துவிடும்.

இன்னொன்று, பனிச்சரிவோடு சம்பந்தமில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். பெரிய ஊசியிலை மரத்தைச் சுற்றி, கிளைகளுக்கு அடியில் பனி நிரம்பாத குழி இருக்கும். தலைகீழாக விழுந்தால் தானாக வெளியே வர முடியாது. மரங்களுக்குள் இரண்டிரண்டு பேராக, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் போங்கள்.

ஜப்பானில் சரிவின் நடுவே வாய் பிளந்த மாதிரி நீள விரிசல் பார்த்தேன். அது என்ன?

அடியில் மூங்கில்புல் படுத்திருக்கும், வழுவழுவென்று. மொத்தப் பனியும் அதன் மீது மெல்ல நழுவும்போது அப்படிப் பிளக்கிறது. தரை வரை முழுப்பனியும் வந்துவிடும். அது எப்போது விழும் என்று நிபுணர்களும் சொல்ல முடியாது, ஆள் மிதித்துத்தான் விழ வேண்டும் என்றும் இல்லை. அதற்குக் கீழே நின்று படம் எடுக்காதீர்கள், சாப்பிடாதீர்கள். நான் பார்த்திருக்கிறேன், ஓனிகிரிச் சோற்று உருண்டையைப் பிரித்துவைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

மார்ச், ஏப்ரலில் போனால் ஆபத்து குறைவா?

வேறு ஆபத்து. ராத்திரி நன்றாக உறைந்திருந்தால் விடியலில் ஏறி, மதியத்துக்கு முன் இறங்கிவிடலாம். பூட்ஸ் கணுக்கால் வரை சொதசொதவென்று இறங்க ஆரம்பித்தால், பனி உருண்டைகள் தானாக உருள ஆரம்பித்தால், நேரம் முடிந்தது. மார்ச் என்றால் வசந்தம் என்று எல்லா இடத்திலும் நம்பிவிடவும் முடியாது: 2017 மார்ச் 27-இல் ஜப்பானின் தொச்சிகி மாநிலத்து நாசுவில், திடீரென்று கொட்டிய புதுப் பனியில் மலையேற்றப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த பள்ளி மாணவர்கள் 7 பேரும் ஆசிரியர் ஒருவரும் பனிச்சரிவில் போனார்கள்.

என்னென்ன சாமான் கட்டாயம்?

பீக்கன், புரோப், ஷவல். ஒவ்வொருவரிடமும் மூன்றும். பீக்கன் 457 கிலோஹெர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பும், யாராவது புதைந்தால் மற்றவர்கள் தேடும் நிலைக்கு மாற்றிக் கண்டுபிடிப்பார்கள். புரோப் என்பது மடக்கி விரிக்கும் நீளத் தடி, 240 சென்டிமீட்டராவது வேண்டும். ஷவல் உலோகத்தில், பிளாஸ்டிக் வேண்டாம், சரிந்து நின்ற பனி சிமெண்டு மாதிரி இறுகிவிடும்.

போனைப் பீக்கனிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள், தேடும்போது 50. ஒரு தடவை வாடகைக் கடையில் எனக்குக் கொடுத்த பீக்கனில் பாட்டரி பாதிக்கும் கீழே இருந்தது, கடைக்காரர் "இன்றைக்குப் போதும்" என்றார். கன்வீனியன்ஸ் ஸ்டோரில் அல்கலைன் பாட்டரி வாங்கி நானே மாற்றினேன். ரீசார்ஜ் பாட்டரி போடாதீர்கள், அது எப்போது தீரும் என்று பீக்கனால் கணிக்க முடியாது. ஒவ்வொரு நாள் காலையிலும் கிளம்பும் முன் ஒருவர் நின்று மற்றவர்களை ஒவ்வொருவராக நடக்கவிட்டு பீக்கன் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு நிமிட வேலை.

ஏர்பேக் பை வாங்கலாமா?

இழுத்தால் பலூன் மாதிரி ஊதிக்கொள்கிற முதுகுப்பை அது. காசு இருந்தால் வாங்குங்கள், ஆட்களை மேற்பரப்புக்கு அருகில் வைக்கிறது, சாவைக் கிட்டத்தட்டப் பாதியாக்குகிறது. மரத்தில் மோதுவதைத் தடுக்காது. வாயு உருளை உள்ள மாடல் என்றால் டிக்கெட் போடும்போதே விமானக் கம்பெனியிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சியாச்சினில் ஒரு ராணுவ வீரர் ஆறு நாள் பனிக்கடியில் உயிரோடு இருந்தாரே? அப்படியென்றால் மீட்புப் படை வரும் வரை தாங்கலாம்தானே?

2016 பிப்ரவரி 3, சோனம் காவல் சாவடி. மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த பத்துப் பேர், அவர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் இருந்தார்கள், அதனால்தான் நம் வீடுகளில் எல்லோரும் அந்தச் செய்தியை விடாமல் பார்த்தோம். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை ஆறாவது நாள் உயிரோடு எடுத்தார்கள், பிப்ரவரி 11-இல் டெல்லி மருத்துவமனையில் இறந்துபோனார். மற்ற ஒன்பது பேரும் பனிக்குள்ளேயே போய்விட்டார்கள். அவர் கூடாரத்தோடு புதைந்து காற்றுக்கு இடம் கிடைத்தவர். சறுக்கும்போது சிக்குகிறவருக்கு அந்த இடம் கிடைக்காது, மூச்சே பனியை முகத்துக்கு முன்னால் கண்ணாடியாக உறையவைத்து அடைத்துவிடும்.

கணக்கு இப்படி: 10 நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணியில் மூன்றில் ஒருவர்தான். ஹெலிகாப்டர் அரை மணிக்குள் வராது. அதனால் உங்களைக் காப்பாற்றுகிறவர் பக்கத்தில் நிற்கிற அந்த மூன்று நண்பர்கள்தான், பேட்டரி போட மறந்தவர் உட்பட. அதனால்தான் செங்குத்தில் ஒவ்வொருவராகப் போக வேண்டும், மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். எல்லோரும் ஒன்றாகப் போய் எல்லோரும் புதைந்தால் தோண்ட ஆள் இல்லை.

சிக்கிக்கொண்டால் என்ன செய்வது?

கத்துங்கள், பக்கவாட்டில் தப்பப் பாருங்கள், ஏர்பேக் இருந்தால் இழுங்கள். அதற்குள் அது நம் ஊர் பிளஸ் நெடுஞ்சாலையின் 110 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டிருக்கும், அதிகம் எதிர்பார்க்காதீர்கள். வேகம் குறைகிற நேரத்தில் கையை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து மூச்சுக்கு இடம் செய்துகொள்ளுங்கள்.

நான் பத்து வருடமாகச் சறுக்குகிறேன், ரிசார்ட்டின் மிகக் கடினமான கறுப்பு ரன் எல்லாம் தண்ணி பட்ட பாடு. எனக்கும் இதெல்லாமா?

2023 ஜனவரி 29-இல் ஹக்குபா நோரிகுராவில் பனிச்சரிவில் இறந்த கைல் ஸ்மெய்ன் 2015-இல் ஹாஃப்பைப் என்கிற ஸ்கீ சாகசப் போட்டியில் உலகச் சாம்பியன். சறுக்குகிற திறமையும் பனியைப் படிக்கிற திறமையும் வேறு வேறு.

சொல்லப்போனால் தெரியாதவனை விடக் கொஞ்சம் தெரிந்தவனுக்குத்தான் இது பொறி. அமெரிக்காவில் இயன் மெக்கமன் என்பவர் 715 பனிச்சரிவு விபத்துகளை எடுத்துப் பார்த்தார். ஆபத்தின் அடையாளங்கள் கண்ணுக்கு நேரே இருந்தும் ஆட்கள் போயிருக்கிறார்கள்: பழகிய இடம், முன்னால் போகிறவருக்குத் தெரியும் என்ற நம்பிக்கை, அடுத்த கூட்டம் முந்திவிடுமோ என்ற பதைப்பு, கிளம்பியாச்சு இனி எப்படித் திரும்புவது. இந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்கு அந்தக் காரின் பக்கவாட்டுப் பனிதான் ஞாபகம் வந்தது.

நமக்கென்று ஒன்றை இதில் சேர்க்க வேண்டும்: லீவு. வருடத்துக்குப் பதினாலு நாள் லீவில் எட்டைப் போட்டு, பல்லாயிரம் வெள்ளி செலவழித்து, ஆறு மணி நேரத்துக்கு மேல் பறந்து வருகிறோம். ஹக்குபாவில் வீடு உள்ளவன் "இன்றைக்கு வேண்டாம், அடுத்த வாரம் பார்ப்போம்" என்று போய்விடுவான். நமக்கு அடுத்த வாரம் இல்லை. நாங்கள் இப்போது டிக்கெட் போடும்போதே இரண்டு நாளை வெறும் வெந்நீர்க் குளியலுக்கும் ராமென் நூடுல்ஸுக்கும் ஒதுக்கிவிடுகிறோம், மலை வேண்டாம் என்று சொல்கிற நாளுக்கு அவை. குழுவில் ஒருவர் வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் எல்லோரும் திரும்ப வேண்டும் என்றும் ஒரு விதி. புதிதாக வந்த தங்கச்சி ஒருத்தி போன வருடம் அதைப் பயன்படுத்தினாள், இருநூறு மீட்டர் நண்பர்தான் முதலில் ஸ்கின்னை உரித்தார்.

வழிகாட்டி வைக்கத்தான் வேண்டுமா? விலை அதிகமாக இருக்கிறதே?

முதல் இரண்டு சீசனுக்கு வேண்டும். நாலு பேர் பங்கு போட்டால் தாங்கும். நாலு நாள் தனியாகச் சுற்றுவதற்குப் பதில் இரண்டு நாள் வழிகாட்டியோடு போய், ஏன் இந்தப் பக்கம், ஏன் அந்தப் பக்கம் இல்லை என்று நச்சரித்துக் கேளுங்கள். நல்ல வழிகாட்டி கேள்விக்குச் சலித்துக்கொள்ள மாட்டார்.

இன்ஷூரன்ஸ், பதிவு, போன் நம்பர்?

சாதாரணப் பயண இன்ஷூரன்ஸில் ரிசார்ட் எல்லைக்கு வெளியே என்றால் செல்லாது என்று சின்ன எழுத்தில் இருக்கும், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஜப்பானில் டொசான் டொடோகே என்ற மலையேற்றத் திட்டப் படிவம் கொடுத்துவிட்டுப் போங்கள். அங்கே போலீஸ் 110, ஆம்புலன்ஸ் 119.

கேஎல்லில் இருந்துகொண்டே எதையாவது பயிற்சி செய்ய முடியுமா?

பீக்கன் தேடுதலைச் செய்யலாம், பனி தேவையே இல்லை. நாங்கள் நவம்பர், டிசம்பரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தித்திவங்சா ஏரிப் பூங்காவில் செய்கிறோம். ஒருவர் பீக்கனை டப்பாவில் போட்டுச் சருகுக்கடியில் ஒளித்துவைப்பார். மற்றவர் ஐம்பது மீட்டர் தள்ளி நின்று ஆரம்பித்து, அம்பு காட்டுகிற வழியில் ஓடி, எண் குறையக் குறைய வேகத்தைக் குறைத்து, கடைசி மூன்று மீட்டரில் பீக்கனைத் தரையோடு தரையாகப் பிடித்துக் குறுக்கும் நெடுக்கும் தேடி, மிகக் குறைந்த எண் வந்த இடத்திலிருந்து சுருள் சுருளாக 25 சென்டிமீட்டர் இடைவெளியில் புரோப்பால் குத்த வேண்டும். முதல் நாள் எங்களுக்கு ஒன்பது நிமிடம் ஆனது, இப்போது மூன்றுக்குள் வருகிறது. தோண்டுவதற்கு போர்ட்டிக்சன் கடற்கரையின் ஈர மணல் நல்லது: புரோப் நிற்கிற இடத்தில் நேராகத் தோண்டாமல், சரிவின் கீழ்ப்பக்கம் ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி ஆரம்பித்து உள்ளே போக வேண்டும், ஒரு மீட்டர் தோண்டியதும் முதுகு சொல்லும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. போன டிசம்பரில் நாங்கள் நாலு பேர் தடியும் கையுமாகச் சருகைக் குத்திக்கொண்டிருந்தபோது பாதுகாவலர் பாக்சிக் (மலாய்ப் பெரியவர்) ஒருவர் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து, எதைப் புதைத்தோம் என்று கேட்டார். பீக்கனைக் காட்டி, பனியில் புதைந்த ஆளைத் தேடும் கருவி என்று மலாயில் விளக்கினேன். அவர் வெயிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் நானும் ஒரு தடவை தேடிப் பார்க்கட்டுமா என்றார். நாலரை நிமிடம்.